வானத்துல போற பிள்ளைக்கு ஒரு குறை

விமானத்துல சிரிச்சுக்கிட்டு நிக்கிறதெல்லாம் ஒரு வேலையான்னு கேக்குறவங்க, கல்யாண மண்டபத்து வாசல்ல பன்னீர்ச் செம்போட ஒரு முகூர்த்தம் பூரா நின்னு பாத்துட்டு அப்புறமா என்கிட்ட வந்து பேசணும். அதுவும் அந்த மண்டபம் ஆகாசத்துல ஆடிக்கிட்டே போகணும். வந்தவங்களுக்கெல்லாம் பெல்ட்டும் மாட்டி விடணும்.

நான் திருமங்கலத்துப் பிள்ளை. அப்பாவுக்கு பஸ் ஸ்டாண்டு பக்கம் உரக்கடை. சென்னைக்கும் மதுரைக்கும் போயிட்டு வர்ற, ரெக்கையில காத்தாடி வச்ச சின்ன விமானத்துல நான் பணிப்பெண். ஜவுளிக்கடையில சேலை விரிச்சுக் காட்டுறவங்க, பேங்க் கவுண்டர்ல உக்காந்திருக்கவங்க, ஆஸ்பத்திரியில டோக்கன் குடுக்குறவங்க, இப்படித் தாடை வலிக்கச் சிரிச்சுச் சம்பளம் வாங்குற என் சனங்களே, இது உங்களுக்காகத்தான் எழுதுறேன். மத்தவங்க ஓரமா நின்னு படிச்சுட்டுப் போங்க.

எங்க கம்பெனியில ஒரு சட்டம் உண்டு. முதல் வருஷம் பயிற்சி. அது முடியிறதுக்குள்ள பயணிகள் யாராச்சும் நம்ம பேரைச் சொல்லிக் கம்பெனி ஆப்புல பாராட்டி எழுதியிருக்கணும். எழுதுனாத்தான் வேலை உறுதி. ஆனா "எழுதுங்க"ன்னு நாம வாயைத் தொறந்து கேக்கக் கூடாது. கேட்டது தெரிஞ்சா அன்னைக்கே வீட்டுக்குப் போயிரலாம். எனக்கு வருஷம் முடியப் போற நேரம், ஒரு வரி கூட வரலை. சென்னையில எங்க மேனேஜர் சபாபதி சார் பாக்குறப்பெல்லாம், "நல்லாத்தான் வேலை பாக்குற, கம்ப்யூட்டர்ல உன் பேரைத்தான் காணோம்"னு உதட்டைப் பிதுக்குவாரு. இந்தப் பக்கம் எங்கப்பா, எப்படியும் வந்துருவேன்னு கடையில எனக்குன்னு ஒரு ஸ்டூலே வாங்கிப் போட்டுட்டாரு. யூரியா மூட்டைக்கும் பூச்சி மருந்துக்கும் நடுவுல அந்த ஸ்டூலைப் பாக்கும்போதெல்லாம் எனக்கு அழுகையா வரும். எனக்கு இந்த வேலை அம்புட்டுப் பிடிக்கும்.

இதுல கொடுமை என்னன்னா, எங்க ஊர்ச் சனங்க பாராட்டுறதுல குறையே வைக்க மாட்டாங்க. பாராட்டி மூச்சு முட்ட வச்சிருவாங்க. கம்பெனி கேக்குற மாதிரி மட்டும் பாராட்ட மாட்டாங்க.

எந்த டிப்போ?

முதல் வரிசையில ஒருத்தர் வந்து உக்காந்தாரு. காக்கிச் சட்டை போட்டுப் போட்டே வளர்ந்த உடம்புன்னு பாத்ததும் தெரிஞ்சுச்சு. கவர்மெண்டு பஸ்ல டிரைவரா இருந்து ரிட்டையர் ஆனவரு. விமானம் ஏறி இறங்குற வரைக்கும் பேச்சே இல்லை, கண்ணை மூடிக்கிட்டு வலது காலை மட்டும் அப்பப்ப அழுத்திக்கிட்டு இருந்தாரு. அன்னைக்கு ஓட்டுனது எங்க ஹர்ப்ரீத் மேடம். பஞ்சாப்புக்காரங்க, வாய் பேசாது, கை பேசும். மதுரையில சக்கரம் தரையைத் தொட்டதே யாருக்கும் தெரியலை. எல்லாரும் இறங்கிட்டாங்க, இவரு மட்டும் எந்திரிக்கலை. "டிரைவரைப் பாக்காமப் போக மாட்டேன்"னு உக்காந்துட்டாரு. மேடம் வெளியில வந்ததும் மேலயும் கீழயும் பாத்துட்டு, "எந்த டிப்போ?"ன்னு கேட்டாரு. நான் மொழிபெயர்த்தேன். மேடம் யோசிச்சு, "சென்னை"ன்னாங்க. அவரு வெறைப்பா நின்னு ஒரு சல்யூட் அடிச்சாரு. அடுத்து பிரேக் பிடிச்ச பக்குவத்தை அரை மணி நேரம் விளக்குனாரு. மேடத்துக்கு ஒண்ணும் புரியலை, ஆனாலும் முகமெல்லாம் பூரிப்பு.

எனக்கு ஆசை வந்துருச்சு. கேக்கக் கூடாதில்லையா, அதனால நைசா, "ஐயா, உங்களுக்கு இம்புட்டுப் பிடிச்சிருக்கே"ன்னு மட்டும் இழுத்தேன். அவரு புரிஞ்சுக்கிட்டாரு. பையை எடுத்துத் தோள்ல மாட்டிக்கிட்டே சொன்னாரு: "எழுத்துல மட்டும் எதையும் குடுத்துறக் கூடாது பாப்பா. எங்க சர்வீஸ்ல எழுத்துல வந்ததெல்லாம் மெமோதான்."

வித்து முடிச்சாத்தான் விடுவாங்களா?

எங்க விமானத்துல சாப்பாடு சும்மா கிடையாது. ரொட்டியில காய் வச்சதும், கப்புல போட்ட நூடுல்ஸும் டிராலியில தள்ளிக்கிட்டுப் போயி விக்கணும். ஒரு நாள் மதுரை செல்லூர்ல தறி போட்டிருக்கிற ஒரு குடும்பம், கல்யாணம் முடிஞ்சு திரும்பி வருது. அதுல ஒரு பெரியம்மா நான் டிராலியோட முன்னால போறதையும் பின்னால வாரதையும் கவலையாப் பாத்துக்கிட்டே இருந்துச்சு. யாரும் வாங்கலை. எல்லார் மடியிலயும் புளிசாதப் பொட்டலம் இருக்கு, எப்படி வாங்குவாங்க?

மூணாவது தடவை நான் தாண்டிப் போகும்போது அந்தம்மா பெல்ட்டைக் கழட்டிட்டு எந்திரிச்சிருச்சு. "ஏய், ஆளுக்கு ஒண்ணு வாங்குங்க. பிள்ளை எம்புட்டு நேரந்தான் தள்ளிக்கிட்டே திரியும்?"னு ஒரு அதட்டுப் போட்டுச்சு. பயந்து போயி பக்கத்து சீட்டுக்காரங்க, அந்தக் குடும்பத்துக்குச் சம்பந்தமே இல்லாதவங்க, முன் வரிசையில லேப்டாப் தட்டிக்கிட்டிருந்தவரு, எல்லாரும் வாங்குனாங்க. டிராலி காலி. என் கையில ஒரு உருண்டை புளிசாதத்தை வச்சு, காலியா இருந்த சீட்டைத் தட்டிக் காட்டி அந்தம்மா சொல்லுச்சு: "அதான் வித்துருச்சுல்ல, இனி என்ன வேலை, உக்காந்து சாப்பிடு பாப்பா."

மச்சான் கேட்டாச்சு

மதுரை மகால் பக்கம் தையல் சாமான் கடை வச்சிருக்கிற ஒரு பாய். மேகத்துக்குள்ள போகும்போது விமானம் கொஞ்சம் குலுங்குச்சு. பாய் என் கையைப் பிடிச்சவருதான், துஆ ஓதி முடிக்கிற வரைக்கும் விடலை. நான் அவர் பக்கத்துலயே குந்தி உக்காந்து, இது ரோட்டுல பள்ளம் மாதிரிதான் பாய், தாண்டுனா சரியாயிரும்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். தாண்டுச்சு. சரியாவும் ஆச்சு.

இறங்குன உடனே பாய் செல்லை எடுத்தாரு. என் சட்டையில குத்தியிருந்த பேரைக் கண்ணாடியை ஏத்திவிட்டுப் படிச்சாரு. சரி, ஆப்புல எழுதப் போறாருன்னு நெனச்சேன். கார்த்திகாங்கிற பிள்ளை பெத்த மக மாதிரிப் பாத்துக்கிச்சு, மாஷா அல்லா, அதைப் பெத்தவங்க நல்லா இருக்கணும், ஓட்டுனவங்க கையும் நல்லா இருக்கணும்னு உருக்கமாப் பேசி அனுப்புனாரு. நான் கண்ணைத் தொடச்சுக்கிட்டு, "பாய், அது ஆப்புல போயிருச்சா?"ன்னேன். அவங்க குடும்ப வாட்ஸப் குரூப்புக்குப் போயிருக்கு. என் முகம் விழுந்ததைப் பாத்துட்டு பாய் ஆறுதலாச் சொன்னாரு: "இதுல எங்க மச்சான், சம்பந்தி, துபாய்ல இருக்கிற சித்தப்பா மக்க எல்லாரும் கேப்பாங்க தாயி. கம்பெனிக்காரன் ஒருத்தன் கேட்டு என்ன ஆகப் போகுது?"

பாப்பாங்கிறது யாரு?

கடைசியில ஒரு நாள் ஒண்ணு வந்தே வந்துருச்சு. சபாபதி சார் என்னையும், மதுரைக்குப் போயிட்டு வர்ற மத்த ரெண்டு பிள்ளைகளையும் கூப்பிட்டு நிக்க வச்சு வாசிச்சாரு. "அந்தப் பாப்பா தங்கமான பாப்பா. சம்பளம் கூட்டிக் குடுக்கவும்." அம்புட்டுத்தான், பேரு கிடையாது. நான்தான் அந்தப் பாப்பான்னு நான் சொன்னேன். நான்தான்னு பக்கத்துல நின்ன ஜெனி சொன்னா. மூணாவது பிள்ளை, அந்தப் பாராட்டு வந்த அன்னைக்கு லீவுல இருந்தவ, அவளும் நான்தான்னா. சபாபதி சார் எங்க மூஞ்சியை மாத்தி மாத்திப் பாத்துட்டுக் கம்ப்யூட்டரை மூடுனாரு: "உங்க ஊர்ல பொண்ணுங்களுக்குப் பேரு வைக்கிற பழக்கமே இல்லையாம்மா?"

ஸ்டாப்பு போயிருச்சு

வருஷம் முடிய ஒரு வாரந்தான் இருந்துச்சு. சென்னையில மாவுக்கடை வச்சிருக்கிற பொன்னுத்தாயி அக்கா, பேரனுக்கு மொட்டை எடுத்துக் காது குத்தணும்னு சொந்தபந்தம் எல்லாத்தையும் கூட்டிக்கிட்டு எங்க விமானத்துல ஏறுச்சு. செக்கானூரணிப் பக்கம் அவங்க குலசாமி கோயில். விமானத்துல பாதி அவங்க ஆளுகதான். பேரன் ஏறுன நேரத்துல இருந்து ஒரே அழுகை. நான் தூக்கி வச்சுக்கிட்டு, பாதுகாப்புக்குக் காட்டுற, மஞ்சள் மூக்கு மாதிரி இருக்கிற ஆக்ஸிஜன் மாஸ்க்கை என் மூஞ்சியில மாட்டிக் காட்டுனேன். அழுகை நின்னுருச்சு. கழட்டுனா மறுபடி அழுகை. அதனால மாஸ்க்கோடயே டிராலி தள்ளுனேன். முன் வரிசைப் பெரியவர் ஒருத்தர், உள்ள காத்து இல்லையான்னு பதறிப் போயிட்டாரு.

மதுரைகிட்ட வரும்போது காத்து குறுக்க அடிச்சுச்சு. கீழ கண்மாய் தெரியுது, ஓடுபாதை தெரியுது, இந்தா தொட்டுரும்னு இருக்கையில, ஹர்ப்ரீத் மேடம் வேகத்தைக் கூட்டி விமானத்தை மறுபடி மேல ஏத்திட்டாங்க. காத்து சரியில்லைன்னா இறங்காம ஒரு சுத்து சுத்தி வாரதுதான் முறை, அதுதான் கெட்டிக்காரத்தனம். எனக்கு அது தெரியும். சீட்டுல இருக்கவங்களுக்குத் தெரியாதே. நான் எல்லாரையும் பாத்த மாதிரி சின்ன சீட்டுல பெல்ட்டோட உக்காந்திருக்கேன். அத்தனை பேரும் ஜன்னலைப் பாக்கலை, என் மூஞ்சியைத்தான் பாக்குறாங்க. சிரிச்சேன். சாமி சத்தியமா அந்த மாதிரி ஒரு சிரிப்பு நான் வாழ்க்கையில சிரிச்சதில்லை. பொன்னுத்தாயி அக்கா வீட்டுக்காரரு மட்டும் ஜன்னல் வழியா எட்டிப் பாத்துட்டுக் கேட்டாரு: "ஏம்ப்பா, நம்ம ஸ்டாப்பு போயிருச்சே. இனி தூத்துக்குடியிலதான் நிறுத்துவாங்களா?"

ஏன் அழுகுறாங்க?

ரெண்டாவது தடவை காத்து அப்படியே அடிச்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு, மேடம் விடலை. விமானம் ஒருக்களிச்சு இறங்கி, கடைசி நேரத்துல நேரா நின்னு, தூங்குற பிள்ளையைத் தொட்டில்ல போடுற மாதிரி மெதுவாத் தரையில உக்காந்துச்சு. தூங்கிப் போயிருந்த பேரன் அசையக்கூட இல்லை.  அப்புறம் பொன்னுத்தாயி அக்கா ரெண்டு கையையும் வாய்கிட்ட வச்சு ஒரு குலவை போட்டுச்சு பாருங்க. அடுத்து அத்தை, சின்னம்மா, மதினி எல்லாரும் சேந்து போட்டாங்க. அந்தச் சின்ன விமானத்துக்குள்ள காது கிழிஞ்சிரும் போல இருந்துச்சு.

உடனே முன்னால இருந்து போன். ஹர்ப்ரீத் மேடம் குரல்ல பதட்டம். யாருக்கு அடி, ஏன் இத்தனை பேர் அழுகுறாங்க, ஆம்புலன்ஸைக் கூப்பிடவான்னு கேட்டாங்க. அழுகலை மேடம், இது எங்க பக்கத்துல சந்தோசத்துக்குப் போடுறது, உங்களைத்தான் பாராட்டுறாங்கன்னு சொன்னேன்.  மேடம் மெதுவாக் கேட்டாங்க: "பாராட்டுறதே இப்படின்னா, இவங்க கோவப்பட்டா எப்படி இருக்கும்?"

இறங்கும்போது பொன்னுத்தாயி அக்கா வாசல்ல நின்னுருச்சு. "சும்மா பாப்பா பாப்பான்னா எப்படி, உன் பேரைச் சொல்லு"ன்னு கேட்டு, ரெண்டு தடவை சொல்லிப் பாத்துக்கிச்சு. மாவுக்கடைக்கு நட்சத்திரம் வாங்கிப் பழகுன ஆளு, அதுக்கு ஆப்பு, ரிவியூ எல்லாம் அத்துப்படி. நான் ஒரு வார்த்தை கேக்கலை, சத்தியம். அதுவா படிக்கட்டுல நின்னு, கீழ போன சொந்தக்காரங்க பக்கம் திரும்பிச் சத்தம் போட்டுச்சு: "கார்த்திகாவுக்கு எழுதிட்டுத்தான் ஒவ்வொருத்தரும் பெட்டி எடுக்கணும், சொல்லிட்டேன்."

ஜன்னல் சின்னது

அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை, அம்புட்டுச் சந்தோசம். மறுநாள் சபாபதி சார் கூப்பிட்டாரு. மொத்தம் ஒரு விமானத்துல பாதி ஆளு எழுதியிருக்காங்க, முக்கால்வாசியில என் பேரு இருக்கு, எல்லாத்துலயும் ஒரு புகாரும் இருக்கு. அவரு வாசிக்க வாசிக்க எனக்குத் தலை சுத்துச்சு. "கார்த்திகா தங்கமான பிள்ளை. நடைதான் வாத்து மாதிரி." "கார்த்திகா மாதிரி கவனிக்க ஆளு கிடையாது. பொட்டு கோணலா இருந்துச்சு." "டிரைவரம்மா இறக்குனது பூ மாதிரி. ஜன்னல் சின்னது." "எல்லாம் அருமை. மைக்குல பேசுறது ஒண்ணும் விளங்கலை." கடைசியில சொன்னது மட்டும் நெசம், அதை நான் மறுக்கலை.

ஒருத்தரும் அஞ்சு நட்சத்திரம் போடலை. பேசி வச்ச மாதிரி ஒரு நட்சத்திரத்தைக் கொறைச்சுத்தான் போட்டிருக்காங்க. புகாரோட வந்தது பாராட்டுக் கணக்குல சேராதாம். நான் ஆபீஸ் கழிப்பறைக்குப் போயிக் கண்ணாடி முன்னால நின்னு பொட்டைப் பாத்தேன், நடந்து பாத்தேன். அந்த எடத்துல ரெண்டு எட்டுக்கு மேல நடக்க முடியாது, அதுலயே வாத்து மாதிரிதான் தெரிஞ்சுச்சு. இம்புட்டுத் தூரம் சிரிச்சதெல்லாம் வீணாப் போச்சேன்னு ஆத்திரமா வந்துச்சு. அழுதுக்கிட்டே அப்பாவுக்குப் போன் பண்ணி ஸ்டூலைத் துடைச்சு வைக்கச் சொல்லிட்டேன். வெளிய வந்ததும் சபாபதி சார் முடிவாச் சொன்னாரு: "அதே ஆளுங்க திங்கக்கிழமை மதுரையில இருந்து திரும்பி வர்றாங்க. நானும் அந்த ஃப்ளைட்ல வர்றேன். நேர்லயே விசாரிச்சுட்டு முடிவு பண்றேன்."

கன்னத்துல மை

திங்கக்கிழமை சபாபதி சார் பொன்னுத்தாயி அக்காவுக்குப் பக்கத்து சீட்டைக் கேட்டு வாங்கி உக்காந்தாரு. அக்கா மடியில பேரன். மொட்டைத் தலையில சந்தனம், காதுல புதுத் தோடு, கன்னத்துல பெரிய மைப்பொட்டு. விமானம் மேல போயி நிதானமானதும் சார் தன்னை யாருன்னு சொல்லிட்டு, பணிவாத்தான் கேட்டாரு, கார்த்திகாகிட்ட என்னம்மா குறைன்னு. நான் தண்ணிக் கப்போட பின்னாலயே நிக்கிறேன். 

"அந்தப் பிள்ளைகிட்டயா? ஒரு குறையும் இல்லையே"ன்னுச்சு அக்கா. சார் செல்லை எடுத்து வாத்து நடையைக் காட்டுனாரு. அக்கா அவரை ஒரு மாதிரிப் பாத்துச்சு. "சார், இந்தா இருக்கானே எம் பேரன், இவன் கன்னத்துல மை வச்சிருக்கோமே, அசிங்கமா இருக்கான்னா வச்சோம்? அன்னைக்கு வண்டி மறுபடி மேல ஏறும்போது நாங்க அத்தனை பேரும் இந்தப் பிள்ளை மூஞ்சியத்தான் பாத்தோம். அது சிரிச்சுச்சு, நாங்க தெம்பா இருந்தோம். அப்படிப்பட்ட பிள்ளையை எல்லாரும் சேந்து ஆகா ஓகோன்னு எழுதுனா கண்ணு பட்டுறாதா? தெனமும் வானத்துல போற பிள்ளை சார். நாளைக்கு ஒண்ணுன்னா நீங்க பொறுப்பா? அதான் ஆளுக்கு ஒரு குறை வச்சு எழுதச் சொன்னேன். வாத்து நடை நான் எழுதுனதுதான்."

 நான் கப்பை எங்க வைக்கிறதுன்னு தெரியாம நின்னேன். அழுகை வருது, சிரிப்பும் வருது, மூக்கு ஒழுகுது, சீருடையில இருக்கும்போது மூக்கு ஒழுகக் கூடாதுன்னு வேற ஒரு சட்டம் இருக்கு. சார் செல்லுல என்னமோ தட்டுனாரு. அப்புறம் என்னைத் திரும்பிப் பாத்து, "உன் வேலையை உறுதி பண்ணி எழுதிட்டேம்மா, இறங்குனதும் அனுப்பிடுவேன்"னாரு. பொன்னுத்தாயி அக்கா, என்ன எழுதுனீங்க படிங்கன்னுச்சு. அவரும் பெருமையாப் படிச்சாரு: "சேவையில் ஒரு குறையும் சொல்ல முடியாத ஊழியர்." அக்கா பேரனைச் சட்டுன்னு மாருல அணைச்சுக்கிட்டு, அடி ஆத்தின்னு வாயில கையை வச்சுச்சு. அப்புறம் அவரு செல்லைத் தொட்டுக் காட்டி, பிள்ளைக்குப் பாடம் சொல்ற மாதிரி நிதானமாச் சொல்லுச்சு: "அதுக்குக் கீழ, காபி ஆறிப் போயிருந்துச்சுன்னு ஒரு வரி போடுங்க சார், அது யாருக்கும் வலிக்காது."

என் வேலை உறுதி உத்தரவுல, மேனேஜர் கையெழுத்துக்கு மேல, காபி ஆறியிருந்ததுன்னு இன்னைக்கும் ஒரு வரி இருக்கு. எங்க விமானத்துல காபியே கிடையாது.